கறையில்லாத படம்

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ரிங்லெட் டவுனில் சேக் தாவூத்தின் போட்டோ கடையில், கன்னங்கரேலென்ற ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார் ரெங்கசாமி. எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டுதான்.

தேயிலை பேக்டரியில் இருபது வருஷமாக ஃபிட்டர் அவர். மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். வீட்டுக் காரியத்தில்தான் கோட்டை விடுவார் என்பாள் மனைவி பாஞ்சாலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன தொலைநோக்கியும் புத்தகமும் அவரைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டன. வானத்தில் ரிஷப ராசியின் கொம்பு நுனியில் ஒரு நட்சத்திரம் என்றோ வெடித்துச் சிதறி, அதன் புகை இன்னும் அங்கேயே நிற்கிறதாம். கண்ணை வைத்துப் பார்த்தால் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயமே சிரித்தது. ரோஷத்தில், படமெடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மலையில் மேகம் விலகினால்தானே? மூன்று வருஷம் போனது. எழுபத்தொன்பது ஜனவரியில் ஒரே ஒரு ராத்திரி வானம் திறந்தது. கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டி அரை மணி நேரம் திறந்து வைத்து, நட்சத்திரம் நகர நகர அதன் பின்னாலேயே திருப்ப, தானே கடைந்த கைப்பிடியைத் திருகினார். விரல் மரத்துப்போனது. சுருளில் மற்றதெல்லாம் மகள் சரோஜாவின் சடங்குப் படங்கள். "கடைசிப் படம் ரொம்ப முக்கியம் பாய், நல்லாப் பாத்துச் செய்யுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகளின் பருவையும் தழும்பையும் மறைப்பதில் சேக் தாவூத் கெட்டிக்காரர். இப்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நெகட்டிவ்ல ஒரே புள்ளி புள்ளியா தூசி லா. நீங்க சொன்னீங்களேன்னு ரெண்டு நாளு பிளேடால சுரண்டுனேன். இப்பப் பாருங்க தம்பி, ஒரு கறை இல்ல."

ரெங்கசாமி நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெகட்டிவில் கரும்புள்ளியாக விழுந்த நட்சத்திரமெல்லாம் போய், துடைத்து வைத்த கண்ணாடி. பாயைத் திட்டுவதா, தன் தலையில் அடித்துக்கொள்வதா, ஒன்றும் புரியவில்லை. நல்லாப் பார்த்துச் செய்யச் சொன்னது யார்? அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"பாய்... நடுவுல ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சே! அரிசி மணி அளவுக்கு ஒரு கறை, ஓரமெல்லாம் பிஞ்சு பிஞ்சு. சனியன், போவேனான்னுச்சு. அதுக்கே ஒரு நாளு போச்சு."

ரெங்கசாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அந்தப் புகை படத்தில் விழுந்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை, இந்த மனிதர் பார்த்திருக்கிறார். சடங்குப் படங்கள் இருந்த உறையைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை நீட்டினார்.

"வரைஞ்சு காட்டுங்க பாய்."

"எதை, கறையவா?"

"ஆமா. எப்படி இருந்துச்சோ அப்படியே. சுத்தம் பண்ணிராதீங்க."