ஒன்றரை நிமிடத் துதிப்பாடல்

சூடேறிய ஆம்ப்ளிஃபயரின் மேல் படிந்த தூசி கருகும்போது ஒரு வாசனை வரும். அதோடு பழைய வைக்கோலும் உருகி உறைந்த மெழுகும் சேர்ந்தால் எப்படி இருக்குமோ, சித்தூரில் எங்கள் கோயிலுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூம் அப்படித்தான் மணக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோல், மூங்கில் நட்சத்திரங்கள், கால் உடைந்த பெஞ்சுகள், குருத்தோலை ஞாயிறு பவனிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய டிரம் எல்லாம் அடைந்து கிடந்த அந்த அறையில், பதின்மூன்று வயதில் நான் தொண்டை கிழியக் கத்தக் கற்றுக்கொண்டேன். கத்தியதற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர். அவரைப் பற்றி நல்லதாக எழுதும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

அவர் பெயர் ஆசீர்வாதம். எங்களுக்கு ‘கொயர் சார்’. பாடகர் குழுவுக்குத் தலைவர், கோயில் கமிட்டிக்குச் செயலாளர், ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடிப்பவரும் அவரே. என் அப்பா, எங்கள் நைனா, அதே கோயிலில் மணியடித்து, பெருக்கி, பெஞ்சு துடைத்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாடியவர். மிஷன் காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு அந்த வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும் என்பது எங்கள் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

பன்னிரண்டு வயதில் நான் கொயரில் சேர்ந்தேன். எனக்குச் சத்தம் உண்டு, சுருதி கிடையாது. அது எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. ஒரு டிசம்பர் சாயங்காலம், நாற்பது பேர் ஒத்திகைக்கு நிற்கும்போது, கொயர் சார் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னை விரலால் சுட்டினார். “ஏம்மா, நீ பாடாத. வாய மட்டும் ஆட்டிக்கினு நில்லு. பாக்கறவங்களுக்குப் பாடற மாதிரி தெரிஞ்சா போதும்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்த வயதில் வேறென்ன செய்வது. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில், புதுப்பாவாடை போட்ட சந்தோஷத்தில், வாயசைக்க வேண்டியவள் என்பதை மறந்து கொஞ்சம் பாடிவிட்டேன். அவர் பாட்டை நடுவில் நிறுத்தினார். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, தன் உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்றிலிருந்து காம்பவுண்டுப் பிள்ளைகளுக்கு என் பெயர் ‘ஊமை கொயர்’. குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட எவனாவது ஒருவன் சத்தமில்லாமல் வாயசைத்துக் காட்டுவான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு ஸ்டீபன் ஒரு கேசட்டோடு வந்தான். அவன் அண்ணன் ரேணிகுண்டாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். அவருக்கு யாரோ கொடுத்தது. அட்டை இல்லை, பெயர் இல்லை, மேலே தெலுங்கில் ‘ஸ்பீடு’ என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. போட்டோம். ஏதோ வெளிநாட்டுச் சின்ன ஊர்ப் பையன்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் போல, மூச்சு விடாமல் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம், சிலது அதுவும் இல்லை. என்ன சொல்கிறார்கள் என்று ஒரு சொல் புரியவில்லை, ஆனால் யார் மேலோ கோபமாக இருக்கிறார்கள் என்பது நன்றாகவே புரிந்தது. எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து உட்கார வைத்த விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பாடகனுக்கும் சுருதி இல்லை. அவனை யாரும் வாயசைக்கச் சொல்லவில்லை.

அந்த மாதிரிப் பாட்டுக்குப் ‘பங்க்’ என்று பெயர் என்பதே திருப்பதியில் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விடுதியில் ஒருத்தியின் டேப்பில் அதே பாட்டைத் திரும்பக் கேட்டபோது, அது சாப்பிட்டுவிட்டு நடை பழகுவது போல நிதானமாகப் போனது. ஸ்டீபன் வீட்டு டேப் ரெக்கார்டர் மோட்டார் கெட்டு வேகமாகச் சுற்றியிருக்கிறது. நாங்கள் அதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்த வேகத்துக்குக் கை வலிக்க வலிக்கப் பழகியிருக்கிறோம். வேகத்துக்குப் பேர் போனவர்களைவிட வேகமாகச் சித்தூரில் மூன்று பேர் வாசித்தோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

ஸ்டீபனிடம் அண்ணனின் பழைய எலெக்ட்ரிக் கிட்டார். டிரம்முக்குக் கங்காதர நெல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் பள்ளிக்கு வரும் கமலி. தெலுங்கு வீட்டுப் பெண், எங்கள் சபைக்கும் அவளுக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் அந்தப் பவனி டிரம்மைப் பார்த்த நாளில் கண் மின்ன “நேனு கொட்டுறேன்” என்றாள். பாட்டு நான். குழுவுக்குப் பெயர் ‘ஃபாஸ்ட் பாசஞ்சர்’. ஸ்டோர் ரூம் சாவியை நைனாவிடம் கேட்டேன். “இன்னாத்துக்கு?” என்றார். “பாட்டுப் பழக” என்றேன். நான் பாட்டு என்று சொல்லி வெகுநாள் ஆகியிருந்ததால் மறுபேச்சில்லாமல் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

பாட்டை நான்தான் எழுதினேன். கொயர் சார் செய்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது: வருஷா வருஷம் தன் மகளுக்கே தனிப்பாட்டுக் கொடுத்தது, திக்கிப் பேசும் பையனை வசனம் ஒப்பிக்கவிடாமல் மேடையிலிருந்து இறக்கியது, எங்களுக்கு வந்த சாக்லெட்டைத் தன் வீட்டு அலமாரியில் பூட்டியது. ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று பேரும் சேர்ந்து கத்த வேண்டிய வரி இது:

“சத்தம் வேணாம், வாய ஆட்டு!
ஆசீர்வாதம் சாரே, காதப் பொத்து!”

அரங்கேற்றத்துக்கு ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவைத் தேர்ந்தெடுத்தோம். மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் ஸ்டீபன் யோசித்து வைத்திருந்தான். எங்கள் சபையில் தண்டனை என்றால் ஒன்றுதான்: ராப்போஜனத்திலிருந்து நிறுத்தி வைப்பது. சபை முன்னால் பெயரை வாசிப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போகும்போது, நிறுத்தப்பட்டவர் மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். “நாம இன்னும் திடப்படுத்தலே எடுக்கல. நம்மள எதுலேர்ந்து நிறுத்துவாங்க?” என்றான் ஸ்டீபன். திடப்படுத்தல் சடங்கு முடித்துச் சபையில் முழு உறுப்பினர் ஆனவர்களுக்குத்தானே ராப்போஜனம். அவன் கணக்கில் ஓட்டை எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. கமலி, “சூஸ்குந்தாம், பாத்துக்கலாம்” என்று குச்சியைச் சுழற்றினாள்.

நிகழ்ச்சிப் பட்டியலில் ‘துதிப்பாடல்’ என்று எழுதிக் கொடுத்தோம். கொயர் சாரே மைக்கில், “அடுத்ததாக மூன்று பிள்ளைகள் ஒரு துதிப்பாடல் பாடி தேவனை மகிமைப்படுத்துவார்கள்” என்று அறிவித்துவிட்டு, முன் வரிசையில் போய்க் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். கமலி நான்கு முறை குச்சியைத் தட்டினாள். பிறகு நடந்ததை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. சாமியானாத் துணி அதிர்ந்தது, ஒரு குழந்தை வீறிட்டது, நான் கண்ணை மூடாமல் அவரையே பார்த்துக் கத்தினேன். முதல் முறை அவர் பெயர் வந்தபோது அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை காலைக் கீழே இறக்கினார். சாக்லெட் வரி வந்தபோது பின்னாலிருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், என்னை ஊமை என்றவர்கள்தான், அவர்களும் சேர்ந்து “காதப் பொத்து” என்றார்கள். அவர் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி ஓடிப் போவதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. வேகமாக வாசிப்பதன் பலன் அது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

புதன்கிழமை கமிட்டி கூடியது. ஞாயிறு காலை கொயர் சார் பீடத்தின் அருகே நின்று தாளைப் பிரித்து, தேவனுடைய வீட்டின் சாவியைத் தூஷணத்துக்குக் கொடுத்த குற்றத்துக்காக ஆறு மாதம் ராப்போஜனத்திலிருந்து நிறுத்தி வைக்கப்படுகிறார் என்று வாசித்தார். வாசித்த பெயர் என் நைனாவுடையது.

நாங்கள் அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை. கத்தியது நான், எழுதியது நான், எங்கள் மேல் விதி எதுவும் பாயாது என்பதோடு நிறுத்திவிட்டோம். சாவி ஒருவரின் இடுப்பிலிருந்து வந்தது என்பதும், அவர் திடப்படுத்தல் எடுத்தவர் என்பதும் மூன்று பேர் மண்டைக்கும் எட்டவில்லை. கொயர் சாருக்கு உடனே எட்டிவிட்டது. பிள்ளைகளை விட்டுவிட்டு நைனாவைப் பிடித்தார் பாருங்கள், அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஆறு மாதங்களின் முதல் ஞாயிறுகள். நைனாதான் அதிகாலையில் மணியடிப்பார். பீடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, ராப்போஜனக் கிண்ணங்களை அடுக்குவதும் அவரே. அப்புறம் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். சபை முழுவதும் அவரைத் தாண்டிப் போய், முழங்கால் போட்டு, குடித்துவிட்டுத் திரும்பும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு அத்தனை பேர் வாய் வைத்த கிண்ணங்களையும் அவர் கழுவித் துடைத்து வைப்பார். நான்காவது மாதம், தாங்க முடியாமல், அவரோடு உட்கார்ந்து கழுவினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அப்போது அவர் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். என் பாட்டு. அதே வேகத்தில்.

“சாக்லெட்டுக்கு அப்பறம் ஒரு வரி வருமே, இன்னா அது? மறந்து மறந்து போவுது” என்றார்.

சொல்லிக் கொடுத்தேன். ஒரு கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நல்லாத்தாம்மா பாடின. நீ கேக்காம எடுத்துக்கினு போயிருந்தா, சாவி களவு போச்சின்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்.” அதைத் துடைத்துக் கவிழ்த்துவிட்டு, “ஆனா இனிமே வேணாம். இந்த வூட்ட வுட்டா நாம எங்க போறது?” என்றார். அதோடு பாட்டை நிறுத்தினேன். கோபத்தை நிறுத்துவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இப்போது நான் திருப்பதியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். என் வகுப்புக்கு மைக் தேவைப்படுவதில்லை. ஸ்டோர் ரூமை இடித்து ஏசி ஹால் கட்டிவிட்டார்கள். எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. பவனி டிரம் எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டீபன் ஸ்ரீ சிட்டியில் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போகிறான், கிட்டாரை எப்போதோ விற்றுவிட்டான். கமலி பெங்களூரில். நாங்கள் வாசித்ததை யாரும் பதிவு செய்யவில்லை. நைனா இறந்தபோது கொயர் சார் வந்து அடக்கத்தில் பாடினார். அழகாகவே பாடினார், அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மாதம் அவரும் போய்விட்டார். மகன் எனக்கு போன் செய்து, “அப்பாகிட்ட பாடின பழைய பிள்ளைங்க எல்லாரும் வந்து பாடணும்னு ஆசைப்படறோம். நீங்களும் கொயர்ல இருந்தீங்களாமே” என்றார். ஆமாம், இருந்தேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் சித்தூருக்குப் போனேன். பழைய கொயர் கும்பலில் இடம் பார்த்து, பெட்டிக்கு மிக அருகில், முன் வரிசையில் நின்றேன். கீர்த்தனை ஆரம்பித்தது. நான்கு சரணம். நான்கையும், ஒரு சொல் விடாமல், என் முழுச் சத்தத்தோடு பாடினேன். கீபோர்டு வாசித்த பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற அம்மாள், “பாவம், அழுகையில சுருதி போயிடிச்சி” என்று யாரிடமோ சொன்னார். சாவு வீட்டில் பாடுகிறவளை நிறுத்தச் சொல்ல எவருக்கும் தைரியம் வரவில்லை. அவர் மட்டும் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவரால் முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நானும் ஒரு பிடி போட்டேன். பிறகு குனிந்து இன்னொரு பிடி அள்ளி, “இது எங்க நைனாவுக்கு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிப் போட்டேன்.