மச்சான் பிடித்த கயிறு

பெண் கேட்டுப் போகிறவன் பெண்ணின் முகத்தைப் பார்ப்பான், இல்லாவிட்டால் அவள் வீட்டு நிலத்தைப் பார்ப்பான். சடையன் பெண்ணின் அண்ணன் தோளைப் பார்த்தான். அந்த அண்ணன்தான் சிங்காரம். ஜவ்வாது மலையில் அவன் ஊரில் அவனைவிடப் பலசாலிகள் இருந்தார்கள். பிடித்த பிடியை விடாதவன் என்று பெயர் எடுத்தவன் மட்டும் அவன் ஒருவன்தான்.

சிங்காரம், சடையன், லட்சுமணன் மூன்று பேரும் ஒன்றாக மாடு மேய்த்து வளர்ந்தவர்கள். மேய்த்தது என்பது பேருக்குத்தான். மாடுகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்க, இவர்கள் அருவித் தலையில் நின்று மடுவுக்குள் குதிப்பார்கள்; கரடி படுத்திருக்கும் குகைக்குள் கல்லை விட்டெறிந்துவிட்டு ஓட்டமெடுப்பார்கள். சடையனுக்கு அதெல்லாம் சீக்கிரமே சலித்துவிட்டது. அவன் கண் செம்பாறை மேலேயே இருந்தது. எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும் செங்குத்துப் பாறை அது. அதன் வயிற்றில் மலைத்தேன் அடைகள் தொங்கும்.

அங்கே நினைத்தவனெல்லாம் இறங்கிவிட முடியாது. இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் நிற்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கூடாது. அவர்களுக்கு நிலத்தில் பங்கு உண்டு. எந்த நேரம் என்ன புத்தி வரும் என்று யார் கண்டது. மச்சானுக்கு அந்த வம்பு இல்லை. அவன் கயிற்றை விட்டால் அறுவது அவன் தங்கச்சியின் தாலி.

எழுபத்தெட்டாம் வருஷம் சாமை அறுப்பு முடிந்ததும் சடையனுக்கும் காந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது. காந்தாவை அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. கயிறு அதைவிடப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதலில் தேனுக்காக இறங்கினான். பிறகு தேன் ஒரு சாக்கு ஆயிற்று. அடை இல்லாத காலத்திலும் இறங்கி, பாறையைக் காலால் உதைத்து, வெறும் வெளியில் ஊஞ்சலாடுவான். லட்சுமணன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சீழ்க்கையடிப்பான். மேலே சிங்காரம் பாறை விளிம்பில் கோணிப்பையை மடித்துப் போட்டு, அதன்மேல் கயிற்றை ஓடவிட்டு, மரத்தில் ஒரு சுற்றும் தன் இடுப்பில் ஒரு சுற்றுமாக நிற்பான். கீழே நடப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அவனுக்கும் அதில் ஒரு போதை இருந்தது. இல்லையென்றால் பொய்.

வயிற்றில் பிள்ளையோடு காந்தா ஒருநாள் அண்ணனைத் தேடிக் கொல்லைக்கு வந்தாள்.

"தேனுக்குப் போனா போவட்டும்ணா. தேனே இல்லாத நாள்ல அங்க இன்னாத்துக்குத் தொங்கறாரு?"

"வெளையாட்டும்மா."

"நான் சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீ கயிறு புடிக்க மாட்டேன்னு சொல்லிடு. நீ இல்லாங்காட்டி எறங்க முடியாதில்ல?"

அது சரியான யோசனையாகத்தான் பட்டது. அன்றைக்கே சடையனிடம் சொன்னான்.

"இனிமே நான் கயிறு புடிக்கல மாப்ள."

"இன்னா, காந்தா சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எனக்கே பயமா கீது."

"பயந்தவன் கையில கயிறு இருக்கக் கூடாது, மச்சான்" என்று சடையன் சிரித்துவிட்டுப் போனான்.

மறுநாள் சிங்காரம் நிம்மதியாகப் புளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துச் சந்தவாசலுக்கு இறங்கினான். அந்த மலையில் சாராயம் காய்ச்சியவன் உண்டு, அடுத்தவன் வரப்பை வெட்டியவன் உண்டு. மச்சான் இல்லாமல் கயிற்றில் இறங்கியவன் கிடையாது. அதை நம்பித்தான் போனான்.

திரும்பி ஏறும்போது ஓடைக்கரையில் ஊர்க்காரன் கோவிந்தன் காத்துக்கொண்டிருந்தான். "சடையன் வுழுந்துட்டாண்டா" என்றான்.

லட்சுமணன் அழுதுகொண்டே ஊரிடம் சொன்னது இது. "நான் வேணாண்ணேன். மரத்தையே மச்சான்னு நெனச்சுக்கறேன்னு சிரிச்சுக்கினே கட்டிட்டு எறங்கினான்." விளிம்பில் கோணி போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஊஞ்சலாட ஆட, கயிறு பாறையில் தேய்ந்து அறுந்திருக்கிறது.

ஊருக்கு ஒரு பேச்சு வேண்டுமே. மச்சான் கைவிட்டுவிட்டான் என்றார்கள். தங்கச்சி தாலியை அறுத்தவன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். காந்தா கேட்டுக்கொண்டதால்தான் மறுத்தேன் என்று சிங்காரம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழி அவள் தலையில் விடியும். அவளே சொல்வாள் என்று மட்டும் உள்ளுக்குள் எதிர்பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை. கருமாதி முடிந்ததும் அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தான். அங்கேதான் பெண் குழந்தை பிறந்தது.

பிறகு அவன் பாறைப் பக்கம் போகவில்லை. லட்சுமணன் எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். கல்யாணங்களில் அவனைக் கூப்பிட்டு யாரும் முன்னால் நிறுத்துவதில்லை. அதற்கெல்லாம் அவன் வருத்தப்படாமல் இல்லை. ஆனாலும் தாங்கிக்கொண்டான். யார் என்ன சொன்னாலும் காந்தாவுக்கு உண்மை தெரியும் என்று நினைத்துக்கொள்வான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டினான்.

மலைக்கு ரோடு வந்து, பஸ் வர ஆரம்பித்த காலம். ஒரு மத்தியானம் களத்தில் அண்ணனும் தங்கச்சியும் சாமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். காந்தா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அப்ப இருவது வயசு கூட இல்ல. நான் இன்னாத்தக் கண்டேன்? அவரோட கூடவே திரிஞ்சவன் நீ. நீ வரலன்னாலும் எறங்கற ஆளுன்னு உனக்குத் தெரியாதா? நான் சொன்னா நீ கேட்டுடறதாண்ணா?"

அவள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். ஊர் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்த ஒரு ஆள் அதுவரை சிங்காரத்துக்கு இருந்தது. அன்றோடு அதுவும் இல்லாமல் போயிற்று.