படகுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

ஜெசீமா ரீச்சர் இறந்துவிட்டார். இன்று விடிய, ஆஸ்பத்திரியில்.

பாடசாலை விட்டு போனைத் திறந்த பிறகுதான் மெசேஜைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்... மத்தியான லுஹர் தொழுகையோடு அடக்கம் முடிந்துவிட்டதாம். "கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோ ரீச்சர்" என்றார் அவருடைய தம்பி. இருக்க முடியவில்லை.

வீட்டிலும் இருக்க முடியவில்லை. எழும்புகிறேன், நடக்கிறேன், போனை எடுக்கிறேன், வைக்கிறேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. என் மேல்.

தெரியாதவர்களுக்கு... முல்லைத்தீவில் எங்கள் சின்னப் பாடசாலையில் அவர் தரம் மூன்றுக்கு ரீச்சர், நான் தரம் நான்குக்கு. நடுவில் சுவர் இல்லை, ஒரு அலுமாரிதான். அவருடைய வகுப்புச் சத்தம் முழுக்க என் தலையில் விழும்.

படப்புத்தகத்தை விரித்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்பார். "இந்த ஆடு ஏன் பிள்ளையள் திரும்பிப் பாக்குது?" உடனே அத்தனை வாயும் ஒரேயடியாகத் திறக்கும். இந்தப் பக்கம் நான் அடுத்த வருஷ ஸ்கொலர்ஷிப் சோதனைக்கான பழைய பேப்பரோடு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன். "ரீச்சர், உங்கட பிள்ளையள் எப்பதான் வாசிக்கிறது?"

"இப்ப வாசிச்சுக்கொண்டுதானே இருக்கினம்" என்று சிரித்தார். எனக்கு இன்னும் எரிச்சல்.

பிறகு அந்தப் படகுப் புத்தகம். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பெட்டியில் வந்த இங்கிலீஷ் புத்தகம். அப்படி வருகிற புத்தகங்களுக்குத் தமிழில் எழுதி, துண்டு துண்டாக வெட்டி மேலே ஒட்டிக்கொள்வோம். என் எழுத்து உருண்டையாக இருக்கும் என்று வேலை என்னிடம் வந்தது.

கடைசிப் பக்கத்தில் எழுத்தே இல்லை. கரையில் ஒரு வெறும் படகு, அவ்வளவுதான். அச்சடிக்க மறந்துவிட்டார்களாக்கும் என்று நானே ஒரு வசனம் எழுதி ஒட்டினேன்... "எல்லோரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள்."

பார்த்ததும் ரீச்சரின் முகம் வாடிவிட்டது. "ஐயோ ரீச்சர்... வீட்டை போனவையோ இல்லையோ எண்டு பிள்ளையளெல்லோ சொல்லோணும்."

நல்ல கம் பூசி ஒட்டியிருந்தேன். உரித்தால் படகும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த நாள் என் வசனத்துக்கு மேலே நீலத்தாள் வெட்டி ஒட்டிக் கடலாக்கிவிட்டார். இரண்டு நாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உள்ளே வெட்கம்தான், வெளியே கோபம் மாதிரிக் காட்டினேன்.

அந்த வாரமே அலுமாரிக்கு அந்தப் பக்கம் நாயாற்று மீனவப் பிள்ளை ஒன்றின் குரல். "ரீச்சர், படகில கிடக்கிற வலையிலயிருந்து தண்ணி சொட்டுது. ஆக்கள் இப்பதான் இறங்கியிருக்கினம்."

அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் இருந்தவள் நான். சொட்டுகிற தண்ணீரைக் காணவே இல்லை.

போன மாதம் மெடிக்கல் லீவில் போகும்போது சொன்னார். "அந்தப் புத்தகத்தை உங்கட பிள்ளையளுக்கும் ஒருக்கா காட்டுங்கோ. கேளுங்கோ... சொல்லிப்போடாதேங்கோ, என்ன?"

"ஓம் ரீச்சர், காட்டுறன்" என்றேன்.

காட்டவில்லை. இந்தப் பேப்பர் முடியட்டும், அந்த டெஸ்ட் முடியட்டும் என்று...

போன கிழமை வாய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பியிருந்தார். "என்ன சொன்னவை உங்கட பிள்ளையள்?" மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசியிருந்தார். காட்டிவிட்டுப் பதில் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

சற்று முன் பாடசாலைக்குத் திரும்பிப் போய் அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நீலத்தாளின் ஒரு மூலை கழன்று, என்னுடைய "மகிழ்ச்சியாக" வெளியே தெரிந்துகொண்டிருந்தது. கம் பூசி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டிய பிறகும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

நாளை முதல் பாடம் இதுதான். இரண்டு வகுப்பையும் ஒன்றாக இருத்துவேன். ரீச்சர் எங்கே என்று அவருடைய பிள்ளைகள் கேட்கும்... அதற்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

போயிட்டு வாங்கோ ரீச்சர். படகைக் காட்டிக் கேட்கிறேன். சொல்லமாட்டேன்.