நாற்பது நாற்காலிக்கு ஒரு மெக்கானிக்

“ஒரே நிமிஷம் சார், இதுல உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டே சக்கர நாற்காலியை, நன்கொடை தர வந்தவரின் முழங்காலுக்குப் பின்னால் கொண்டுபோய் முட்டவைக்கிறார் அக்கா. உட்காருவதைத் தவிர வேறு வழியில்லை. அலுவலகத்தில் இவருக்கு ‘ஒருநிமிஷம் அக்கா’ என்று பெயர். அந்த ஒரு நிமிஷம் ஒருநாளும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை.

நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலிகளை இலவசமாக இரவல் தரும் அறக்கட்டளைக்கு அக்கா மேலாளர். வாய் ஓயாது, கால் தரையில் பாவாது. எந்தச் சக்கரத்தைக் கண்டாலும் குனிந்து ஒரு சுழற்று சுழற்றி, சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார். கடையில் சாமான் தள்ளும் வண்டியைக்கூட விடமாட்டார்.

இத்தனை கெட்டிக்காரருக்கும் ஒருமுறை புத்தி பிசகியது. ‘உங்கள் பணத்தில் ஒரு காசுகூடச் சம்பளத்துக்குப் போகாது’ என்று நன்கொடை கேட்டு அடித்த நோட்டீசில் கொட்டை எழுத்தில் போட்டவர் சாட்சாத் இவரேதான். புது நாற்காலிகள் வந்து குவிந்தன. பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் சம்பளத்துக்கு மட்டும் எவரும் பர்ஸைத் திறக்கவில்லை. கொட்டகையில் நாற்பது நாற்காலிகள் பழுதாகி முடங்கிக் கிடக்கின்றன. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மடங்கு தருகிறார்களாம். மெக்கானிக் இன்றோடு கிளம்புகிறார். ஸ்பேனர்கள் எல்லாம் பைக்குள் போய்விட்டன.

இன்று மாட்டியவர் டைல்ஸ் கடைக்காரர். இருபது புது நாற்காலிகள் தருவதாக வந்திருக்கிறார்.

“உக்காந்தபடியே சக்கரத்தைத் தள்ளிப் பாருங்க சார்!”

தள்ளினார். நாற்காலி இடப்பக்கமாக வட்டமடித்துச் சுவரில் போய் இடித்தது.

“என்னம்மா இது, ஓட்டை நாற்காலி!”

“நீங்க போன வருஷம் குடுத்ததுதான் சார். பின்னால உங்கம்மா பேர் இருக்கு பாருங்க.”

கடைக்காரரின் முகம் தொங்கிப்போனது. மெக்கானிக் வந்தார், அவரை எழுப்பிவிட்டு ஒரு பேரிங்கை மாற்றினார், இரண்டு திருகுகளை முடுக்கினார். நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது! கடைக்காரர் மறுபடி உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

“புதுசு வேணாம் சார். இவருக்கு ஒரு வருஷச் சம்பளம் குடுங்க. நாப்பதும் ஓடும்!” என்றார் அக்கா.

“நோட்டீஸ்ல வேற மாதிரி போட்டிருந்தீங்களே?”

“தப்பு சார். பெருமைன்னு நெனச்சு நான்தான் போட்டேன்.”

கடைக்காரர் மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு வருஷம் எதுக்கு? ரெண்டு வருஷமாப் போட்டுக்குங்க” என்றார்.

அக்கா மெக்கானிக்கின் தோளிலிருந்து ஸ்பேனர் பையைப் பிடுங்கி, மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தார்.