பொட்டில்லாத மொட்டை

எங்கள் பக்கம் மொட்டை என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். திருப்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே வருகிற தலைகளில் பாதி வழித்த தலைதான். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் நல்லபடியாகத் திரும்பினால் மலையில் முடி கொடுப்பதாக நானும் வேண்டியிருந்தேன். அவர் வர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஸ்டுடியோக்காரன், முடியை வெட்டாமலே எந்த ஸ்டைலையும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுவதாகப் போர்டு மாட்டினான். நாத்தனார் என்னை விடவில்லை.

"வா அண்ணி, மொட்டையில எப்டி இருப்பேன்னு இப்பவே பாத்துக்கோ. அப்பால மலையில அழுதுக்கினு நிக்காத."

எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். முதலில் பாப் வைத்தான். அப்புறம் சுருட்டை, தேங்காய் நார் மாதிரி இருந்தது, சகிக்கவில்லை. "இப்புடு குண்டு சேத்தாமா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டு மொட்டைக்கு வந்தான்; அவர்களுக்கு மொட்டைதான் குண்டு. மௌஸை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தான். முடி போயிற்று, பூ போயிற்று. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிரிண்ட் ஒன்று வாங்கிக்கொண்டு, அதே வேகத்தில் பக்கத்து நெட் சென்டரிலிருந்து அவருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டோம்.

வீட்டில் மாமியார் படத்தை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"பொட்டு எங்கடி?"

அப்போதுதான் நானே கவனித்தேன். பாழாய்ப் போனவன் முடியோடு சேர்த்துக் குங்குமத்தையும் அழித்திருக்கிறான். மொட்டைத் தலை, வெறும் நெற்றி.

"எம்புள்ள அங்க உசுரோட கீறான்டி! இத்தையா அவனுக்கு அனுப்பிக்கினு வந்தீங்க?" என்று கத்திய மாமியார் படத்தை அடுப்பில் போட்டார். மெயிலை எந்த அடுப்பில் போடுவது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போன் பண்ணுவார். அந்த வெள்ளி வரவில்லை. போன் கார்டு தீர்ந்திருக்கும் என்றாள் நாத்தனார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, கலைந்துவிட்டதா என்று ஓயாமல் கண்ணாடியைப் பார்த்தேன். அடுத்த வெள்ளியும் போன் சும்மாவே கிடந்தது. இப்போதே மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறி முடியைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "அவன் வந்து சேர்ற வரிக்கும் தலையில கை வெக்காத" என்று மாமியார் தடுத்தார். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. அவர் குரல் இல்லை. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பங்காருபாளையத்துப் பையன்.

"அக்கா, பக்கத்துல யாராச்சும் கீறாங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. வண்டி கவிழ்ந்ததையும், ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், பிழைத்துவிடுவார் என்று நம்பி எங்களிடம் மறைத்ததையும் அவன் அழுதுகொண்டே சொன்னான். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"அந்தப் போட்டோவப் பாத்தாரா?"

"பாத்தாருக்கா. பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் காட்டிச் சிரிச்சாரு. பொட்டு வெக்க மறந்துட்டா பாருன்னு செவப்புப் பேனாவால அவரே ஒன்னு வெச்சாரு. வண்டியில அத்தத்தான் ஒட்டி வெச்சிக்கினு இருந்தாரு."