ஜெசிந்தா போட்ட மஸ்காரா

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். நாகல் நகரில் உள்ள என் பார்லரில் ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண்ணில் மஸ்காரா போட்டு முடித்து, வலது கண்ணுக்கு வந்தபோது போன் அடித்தது. பேசியது என் மகள் அபிநயா. "அம்மா, ஜெசிந்தா ஆன்ட்டி போயிட்டாங்கம்மா. காலையில ஆறு மணிக்காம். அருள் அங்கிள் இப்பத்தான் போன் பண்ணுனாரு" என்றாள். அருள் என்பவர் ஜெசிந்தாவின் கணவர். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அவர் ஏன் எனக்குச் சொல்லாமல் என் மகளுக்குச் சொன்னார் என்ற கேள்விதான் வந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் எனக்கா, அவளுக்கா? அந்த எரிச்சலோடுதான் வலது கண்ணையும் போட்டு முடித்தேன். அந்தப் பெண் எழுந்து போன பிறகு, காலியாக இருந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வெகு நேரம் எழ முடியவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அருள் என்னைக் கேட்டிருக்கிறார். அன்பான மனைவி, நல்ல தாய், கோயில் பாடற்குழுவில் கணீரென்ற குரல் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். எனக்கு அவள் யாராக இருந்தாளோ அதைத்தான் என்னால் எழுத முடியும். ஜெசிந்தா என் வயிற்றெரிச்சல். இதைப் படித்து அவள் வீட்டார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவள் இருந்திருந்தால் நிச்சயம் சிரித்திருப்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் இருந்த ஒரு பார்லரில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அப்போது எனக்குத்தான் கை நிதானம் என்று முதலாளியம்மா சொல்வார். புருவம் திருத்துவது, கல்யாணப் பெண் அலங்காரம் என்று கடினமான வேலையெல்லாம் என்னிடம் வரும். ஜெசிந்தாவுக்குச் சில்லறை வேலைகள்தான். ஆபீசுக்குப் போகிற பெண் அவசரமாக வந்து கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் போட்டுவிடுங்கள் என்றால், அது அவளுடைய நாற்காலி. அந்தச் சில்லறையை அவள் பெரிய நோட்டாக மாற்றுவாள் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

முதலில் தனிக்கடை போட்டது நான். இரண்டு வருடம் கழித்து அவளும் போட்டாள். எங்கே? என் கடைக்கு எதிர் வரிசையில், நாலு கடை தள்ளி. "வேற இடமே கெடைக்கலையாடி உனக்கு?" என்று நேராகவே கேட்டேன். "உன்னைப் பாக்காம எனக்குப் பொழுது போகாதுடி ஈஸ்வரி" என்றாள். அது கிண்டலா, பாசமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மஸ்காரா வேண்டும் என்று யார் வந்தாலும் அவள் உடனே டப்பாவை எடுக்க மாட்டாள். முதலில் மூன்று கேள்வி. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவாய்? பஸ்ஸா, வண்டியா? மத்தியானம் செத்த நேரம் கண் அசருவாயா? பிறகு வெள்ளை டிஷ்யூவை மடித்து இமைக்குக் கீழே வைத்து, முடி நீளமா குட்டையா, நிமிர்ந்ததா தொங்கலா என்று பார்ப்பாள். குட்டை முடிக்கு ஒல்லியான பிரஷ். கண்ணாடி போடுகிறவருக்கு முடியை முதலில் வளைத்துவிட்டு, அடியில் மட்டும் மை. சின்னாளப்பட்டியிலிருந்து வந்த ஒரு சேலைக்கடைப் பெண் வாட்டர்ப்ரூஃப்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். "தெனமும் அதப் போட்டா, ராத்திரி அழிக்கும்போது மையோட முடியும் சேந்து வரும். மழையிலயா நின்னு சேல விக்கிற?" என்று கேட்டு, வெந்நீரில் கழன்றுவிடுகிற சாதாரண டப்பாவைக் கையில் கொடுத்தாள். பெண்கள் மஸ்காரா பிரஷை டப்பாவுக்குள் விட்டு விட்டு இழுப்பார்களே, அதைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "குத்தாத, அது உரல் இல்ல. காத்துப் போனா மை காஞ்சுரும்" என்பாள். இமையின் அடியில் பிரஷை வைத்து, லேசாக ஆட்டிக்கொண்டே மேலே இழுக்கச் சொல்வாள். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. "பாக்குறவங்க 'நல்லாத் தூங்குனியா'ன்னு கேக்கணும். 'மஸ்காரா போட்டிருக்கியா'ன்னு கேட்டா நாம தோத்தோம்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவள் கடைக்குப் போய் வந்தவர்கள் என் கடையில் உட்கார்ந்து சொன்னதுதான். அதுவும் ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. என் கடைக்குள் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளர்களிடம்கூடச் சொன்னேன் என்றால் என் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரணம் இருந்தது. நான் போடும் மஸ்காரா மத்தியானத்துக்கு மேல் நிற்காது. என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, நெற்றிப் பக்கம் பறக்கும் முடியைப் படிய வாரிவிடுவேன். நானாக உண்டாக்கிய மரியாதை அது. எவ்வளவு பெரிய கடையிலும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை. அதற்குப் பிறகுதான் முகமும் கண்ணும். போகும்போது கண் அழகாகத்தான் இருக்கும். ரெட்டியார்சத்திரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் அன்று சாயங்காலமே திரும்பி வந்தார். "அக்கா, ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும், என்ன டீச்சர், வீட்டுல சண்டையா, அழுதீங்களான்னு கேக்குறாங்க" என்றார். இமைக்குக் கீழே இரண்டு கறுப்புப் பிறை. "நம்ம ஊர் வெயிலுக்கு எதுவும் நிக்காது டீச்சர்" என்று சமாளித்தேன். அடுத்த வாரம் அவர் எதிர் வரிசைக்குப் போனார். அதே வெயிலில், அதே பஸ்ஸில் போய் வந்து, சாயங்காலம் என் கடை வாசலைத் தாண்டி நடந்தார். பிறை இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. மதுரைக்குப் போய் விலை கூடிய டப்பா வாங்கி வந்தேன். அதுவும் வழிந்தது. ஜெசிந்தா பொருள் வாங்கும் கடையில் போய், அவள் என்ன வாங்குகிறாள் என்று நைசாகக் கேட்டேன். கடைக்காரர் எடுத்து வைத்தது நான் வாங்குகிற அதே டப்பா. அவள் ஏதோ கலக்கிறாள் என்று முடிவு செய்தேன். அது என்ன என்று யோசித்தே பல மத்தியானங்கள் போயின. அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிட நான் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பிறகு அபிநயாவுக்கு ஒரு கண் மருத்துவமனையில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. முதல் வாரம் அவள் கண்ணுக்கு நான்தான் போட்டு அனுப்பினேன். இரண்டாவது வாரம் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவளின் கண்ணைப் பார்த்தேன். காலையில் போட்ட மாதிரியே ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அவகிட்ட போனியா?"

"உங்கிட்டயும் சொல்ல வந்தேம்மா. அந்தப் பேரையே எடுக்கக் கூடாதுன்ன" என்றாள்.

நான் பெற்று, நான் வளர்த்து, என் தொழிலில் சோறு போட்ட பெண், கண்ணுக்கு மை போட எதிர் வரிசைக்குப் போயிருக்கிறாள். அன்று முதல் மூன்று வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் போனபோது வலிக்காத வலி அது. என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று மட்டும் அப்போதும் கேட்கவில்லை.

போன வருடம் ஜெசிந்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. மதுரையில் வைத்தியம். அந்த மருந்தில் தலைமுடி கொட்டிவிட்டது, இமைமுடியும் போய்விட்டது என்று அபிநயா வந்து சொன்னாள். அந்த நொடியில் எனக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. ஒரு நொடிதான். ஆனால் எழுந்தது. நினைவு மலரில் எழுதக்கூடிய விஷயமா இது என்று அருளிடம் கேட்டேன். "எழுதுங்கக்கா, அவளுக்கு ஒளிவு மறைவு பிடிக்காது" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், தலையில் சுங்குடித் துணியைக் கட்டிக்கொண்டு அவள் என் கடைக்குள் வந்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. சுற்றிலும் ஒரு நோட்டம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து பிரிக்காத மஸ்காரா டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள்.

"போட்டு விடுடி. என் கை நடுங்குது. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், புது டப்பான்னா போடலாமாம்."

"எங்க போற?"

"மார்க்கெட்டுக்கு. வெஞ்சனத்துக்கு ஒண்ணுமில்ல. கத்திரிக்கா வாங்கணும்."

கத்திரிக்காய் வாங்கப் போக மஸ்காரா. அதுதான் ஜெசிந்தா. இடது கண்ணில் ஆறு முடி, வலதில் நாலு. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை பழக்கத்தில் எண்ணெய்க் குப்பியை எடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டு அவள் நெற்றிக்குக் கொண்டுபோனேன். படிய வைக்க அங்கே முடியே இல்லை. கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்து அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அங்கதான்டி இருக்கு உன் கோளாறு. போ, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வா."

"என்ன கோளாறு?"

"எண்ணெய். அந்தக் கையோடதான இமையத் தூக்கிப் பிடிப்ப? எண்ணெய் பட்டா எந்த மையும் எளகிரும். நெத்தியில தேச்சதும் வெயிலு ஏற ஏற எறங்கி வரும். கல்யாணத்துக்குத் தலை அலங்காரத்த வேற ஆளு பாக்குது, அதான் அங்க மட்டும் உனக்கு நிக்குது. அம்புட்டுதான்."

பன்னிரண்டு வருடம். மதுரைக்கு அலைந்தது, டப்பா டப்பாவாக மாற்றியது, மகளோடு பேசாமல் இருந்தது, எல்லாம் என் உள்ளங்கையில் இருந்த இரண்டு சொட்டு. எனக்குக் கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சுமாடி சொல்லாம இருந்த?"

"நீ கேக்கலையே." பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னாள். "நீ அலங்காரம் பண்ணுன கல்யாணப் பொண்ணு மண்டபத்துல வந்து நிக்கிறப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்டி. உன் கை எனக்கு வராது. எத்தன தடவ வீட்டுல தனியா ஒக்காந்து செஞ்சு பாத்திருக்கேன், வரல. இந்த ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்னு விட்டுட்டேன். உன் மகளுக்குச் சொன்னேன். அவ உங்கிட்ட சொல்லிருவான்னு நெனச்சேன்."

அவளுக்கு என்மேல் பொறாமை. இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் எரிந்துகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். நான்கு கடை தள்ளி அவளும் எரிந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமில்லாத ஒரு பெருமையும் வந்தது. போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன். பஞ்சால் அவள் இமையைத் துடைத்தேன். அந்தப் பத்து முடிக்கு, அடியிலிருந்து ஆட்டி இழுத்து, ஒவ்வொன்றாக மை போட்டேன். கால் மணி நேரம் ஆனது. கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "பரவால்ல. நல்லாத் தூங்குன மாதிரி இருக்கு" என்றாள். "வாரேன்டி" என்று கிளம்பியவள், அதற்குப் பிறகும் நாலு தடவை வந்தாள். கடைசி முறை வலது கண்ணில் ஒரு முடிதான் இருந்தது. அதற்கும் போட்டேன்.

அடக்கத்தன்று கோயில் நிறையப் பெண்கள். பாதிப் பேர் அவள் கடைக்கு வருகிறவர்கள். அந்த நிலையிலும் என் கண் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் சொல்லிக் கொடுத்தபடி மை போட்ட கண் ஏதாவது ஒன்று வழிந்திருக்கிறதா என்று தேடினேன். அழுகிறார்கள், முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார்கள், மை அப்படியே இருக்கிறது. ரெட்டியார்சத்திரத்து டீச்சர் தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பிறை இல்லை. அப்போது அபிநயா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். கைக்குட்டையை நனைத்து என் கன்னத்தைத் துடைத்தாள். காலையில் அவசரத்தில் தலைக்கு எண்ணெய் தடவிய கையைக் கழுவாமல் நான் மஸ்காரா போட்டிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் கறுத்து வழிந்து நின்ற ஒரே முகம் என்னுடையது. பெட்டிக்குள் படுத்துக்கொண்டும் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதிகம் இல்லை. கண்ணைத் தொடும் முன் கையில் சோப்பு. அவளுக்குப் போட்டுப் பாதி மிச்சமிருந்த ஒரு டப்பா, அதை யாருக்கும் போட மாட்டேன், தூக்கி எறியவும் மாட்டேன். அந்த மூன்று கேள்விகளையும் இப்போது நானும் கேட்கிறேன்.

போன வாரம் சாணார்பட்டியிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். காலையில் போட்டுக்கொண்டு போனவள், சாயங்காலம் பஸ் ஏறும் முன் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கண் காலையில் இருந்தபடியே இருந்தது. "அக்கா, எங்க சித்தி பாத்துட்டு, ஜெசிந்தா அக்கா போட்டு விட்ட மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க" என்றாள்.

என் கடையில் இத்தனை வருடம் கழித்து அந்தப் பெயரை ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது, பழைய எரிச்சலேதான். வாசலுக்கு வந்து எதிர் வரிசையில் நாலு கடை தள்ளிப் பார்த்தேன். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். இது அணைந்துவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள்.