பதினேழாவது பையன்

செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி. நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கீழே குடுவையைப் பிடித்தபடி தண்ணீரின் நிறம் மாறக் காத்திருந்தேன். கைபேசி அடித்தது. லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர்.

"சார், உங்க மச்சான் இருக்கார்ல..." என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் கிளம்பி வர முடியுமா?" என்றார். அந்தக் குரலிலேயே மீதி எல்லாம் இருந்தது.

நான் போனபோது அடுக்குமாடியின் காவலாளி படிக்கட்டருகே நின்றிருந்தார்.

"லிஃப்டை சரி பண்ணிட்டு மேலயும் கீழயும் போய்ப் பார்த்தார் சார். நல்லா ஓடுதுன்னார். அப்புறம் படியில உட்கார்ந்தார். களைப்பா இருக்காருன்னு நெனச்சேன். பேச்சுக் கொடுத்தா தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டேன்."

வருகிறவர்களிடமெல்லாம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மாடி வீட்டு அம்மா ஒருவர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். எங்களைக் கவனிக்காமல், "அப்பாடா, லிஃப்ட் சரியாயிடுச்சா?" என்று கேட்டு ஏறிப் போனார்.

மச்சான் என் அக்காவின் கணவர்; லிஃப்ட் மெக்கானிக். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த புதிதில், வேறு இடம் பார்க்கும்வரை என்று சொல்லித்தான் அக்கா வீட்டில் தங்கினேன். அந்த வேறு இடம் கிடைக்கவேயில்லை. நான் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்குக் குழந்தை இல்லை. அவள் இறந்த பிறகு, யார் வீட்டில் யார் இருக்கிறோம் என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அங்கேயே இருந்துவிட்டோம். யாராவது விசாரித்தால் மச்சான், "சீர் கொடுத்தாங்கல்ல, இவன் அதுல ஒரு பொருள். திருப்பிக் கேக்க ஆளில்லை" என்பார்.

எங்கள் பேச்சு பெரும்பாலும் கேஸ் சிலிண்டர், குழாயில் வராத தண்ணீர், சத்தம் போடும் மின்விசிறி இவற்றைப் பற்றியது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தானாகப் பேசுவார். அது பந்து.

அவர் வாழ்நாளில் பந்தாடியவர் அல்ல. வழியில் பந்து உருண்டு வந்தால் காலால் உதைக்கக் கூச்சப்பட்டு, குனிந்து கையால் எடுத்துக் கொடுப்பார். ஆனால் மைதானத்தை ஒட்டிய உயரமான கட்டடம் ஒன்றின் லிஃப்டைப் பல வருடம் அவர்தான் பராமரித்தார். மொட்டைமாடியில் மெஷின் ரூம். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரியும். சிறுவர் போட்டி நடக்கும் மாதங்களில் அங்கே நின்றுதான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பார்.

"அவ்வளவு உயரத்துல பந்து கண்ணுக்குத் தெரியாது மாப்ள. உட்கார்ந்திருக்கிற பசங்கதான் தெரிவாங்க" என்றார் ஒரு நாள்.

நீலச் சட்டை அணியின் பெஞ்சில் இரண்டு வரிசைப் பையன்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதே பையன்கள், அதே இடத்தில். ஒரு வருடம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியதுதான் அவர்கள் ஆடிய ஆட்டம். எதிரே சந்தை அணி ஒன்பது பேரோடு இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். பெஞ்சில் இருந்த பாதிப் பேர் சந்தைத் தெருப் பையன்கள் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. நீல அணியை நடத்துகிற பெயிண்ட் கடைக்காரர், கொஞ்சம் நன்றாக ஆடுகிற எவனையும் வேறு அணிக்கு விடுவதில்லை.

மச்சான் போட்டிக் குழுவின் கூட்டத்துக்குப் போனார். வாசல் பக்கம் உட்கார்ந்தார். கடைசியில் எழுந்து, ஓர் அணிக்குப் பதினாறு பேர் போதும், அதற்கு மேல் பதியக் கூடாது என்றார். சிறிய அணிகள் எல்லாம் கை தூக்கின. விதி வந்தது. சொன்னவன் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம்; பதிவுப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

"இதுதான் லிஃப்ட்காரன் புத்தி. எதைப் பார்த்தாலும் இத்தனை பேர்தான்னு போர்டு மாட்டிடுவான்" என்றார் பெயிண்ட் கடைக்காரர். அன்றிலிருந்து மைதானத்தில் மச்சானுக்கு 'லிஃப்டு' என்றே பெயர்.

விதி வந்த முதல் வருடம் சந்தை அணி முழு ஆளோடு இறங்கியது. அந்த மகிழ்ச்சி மச்சானுக்கு ஒரு வாரம்தான் நீடித்தது. அரசு மருத்துவமனையில் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை மேலேயிருந்து ஒரு குரல் கூப்பிட்டதாம். அங்கே வேலை பார்க்கும் நர்ஸம்மா.

"கீழ இருக்கிறது பந்துக் கமிட்டிக்காரரா?"

"ஆமாம்மா."

"மேல வாங்க. திட்டணும்."

"கையெல்லாம் கிரீஸும்மா. இங்கயே நல்லாக் கேக்குது, திட்டுங்க."

நர்ஸம்மா குறை வைக்காமல் திட்டினார். புது விதியால் அந்தம்மாவின் பையனை அவன் அணியில் சேர்க்கவில்லை. அதை அவனிடம் ஒருவரும் சொல்லவும் இல்லை. சட்டை கொடுக்கிற அன்று வரிசையில் நின்றிருக்கிறான். அவன் முறை வந்தபோது சட்டை தீர்ந்துவிட்டது. எல்லோரும் போட்டுக்கொண்டு நிற்க, இவன் மட்டும் பனியனோடு வீடு வந்திருக்கிறான்.

"எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்ட்ல ஒன்பதாவது ஆள் ஏறினா கதவு மூடாதும்மா" என்று மச்சான் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"சரி, ஏத்த வேண்டாம். ஆனா ஒன்பதாவது ஆளுக்காக லிஃப்ட் திரும்பக் கீழ வரும்ல? உங்க லிஃப்ட் எப்பய்யா கீழ வரும்?"

அன்று சாப்பிடும்போது மச்சான் இதைச் சொல்லிவிட்டு, "அந்தம்மா கேட்டது சரிதான்" என்றார். தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் அவர் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். ஒவ்வோர் அணியும் பதினாறு பெயர்களைக் கொடுத்ததும், விடுபட்டவர்கள் யார் என்று விசாரிப்பார். எந்த அணியில் ஆள் குறைகிறது என்று பார்த்து, அந்தப் பயிற்சியாளரிடம் பேசி, இடம் உறுதியான பிறகே பையனைப் பார்க்கப் போவார். வெறுங்கையோடு போவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் போவார். "அழுறதா இருந்தா அன்னைக்குப் பூரா அழுது முடிச்சிடலாம். திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல எவன் கேட்டாலும், நான் அந்த டீம்னு சொல்றதுக்கு வாயில பதில் இருக்கும்." சட்டை கொடுக்கிற நாளுக்கு முன்னால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பையன்கூட வரிசையில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது.

என்னைக் கூட்டிப் போனதில்லை. கேட்டபோது, "துக்கம் விசாரிக்கவா போறோம், கூட்டமாப் போக? ஒருத்தன் போனாப் போதும்" என்றார்.

இதனாலெல்லாம் அவருக்கு நண்பர்கள் சேர்ந்துவிடவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. பெரிய அணிகளுக்கு அவர் ஆட்களைப் பிரித்தவர். சிறிய அணிகளுக்கு வேண்டாத ஆட்களைத் தலையில் கட்டுபவர். அவரைத் தெருவில் கண்டாலே சில தாய்மார்கள் பையனை உள்ளே போகச் சொல்வார்கள். இறுதி ஆட்டத்தன்று இரண்டு பக்கமும் கூட்டம் நெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால், பந்து பொறுக்கும் பையன்கள்கூட இல்லாத மூலையில், அவர் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தனியாக நிற்பார். கோல் விழுந்தாலும் கைதட்ட மாட்டார். எந்தப் பக்கம் தட்டினாலும் அடுத்த பக்கம் பேசும்.

பெயிண்ட் கடைக்காரர் ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் பதினாறை இருபத்தைந்தாக்கச் சொல்லிக் கேட்பார். ஒவ்வொரு வருடமும் தோற்பார். வெளியே வந்து, "லிஃப்டு, உங்களை அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்" என்பார். "வாங்க, கீழதான் இருப்பேன்" என்பார் மச்சான்.

அந்தப் பெயிண்ட் கடைக்காரர்தான் போன வாரம் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். விரல் நகங்களில் நீலமும் வெள்ளையும் காய்ந்திருந்தன. வந்தவர் உட்காரவில்லை.

"பதினாறு பேர் போட்டாச்சு. பதினேழாவதா ஒரு பையன் நிக்கிறான். அவனுக்கு ஒரு இடம் பார்க்கணும்."

"பார்த்துடலாம். யாரு பையன்?"

"என் பையன்."

மச்சான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் நல்லாத்தானே ஆடுவான்?"

"பதினாறாவது பையனும் இவனும் ஒண்ணுதான். தராசுல வச்சா முள்ளு நடுவுல நிக்கும். என் பையனை எடுத்துட்டு அவனை விட்டேன்னா ஊரு என்ன சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா? இதுக்குத்தான் இருபத்தஞ்சு கேட்டேன்."

"இருபத்தஞ்சு இருந்தா இருபத்தாறாவதா ஒருத்தன் நிப்பான்."

"நிக்கட்டும். அவன் என் பையனா இருக்க மாட்டான்ல."

மச்சான் சிரித்துவிட்டார். பெயிண்ட் கடைக்காரரும் சிரித்தார். அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவனுக்குப் பதிமூணு முடியப் போகுது. அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டுல அவங்கம்மாவுக்குக்கூட நான் சொல்லல. சொன்னா எனக்குச் சாப்பாடு கிடையாது."

"பையனுக்கு?"

"அதான். நீங்க வந்து சொல்லணும். நீங்க சொன்னா பசங்க அழுறதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"அழுவாங்க. நான் தெருமுனை தாண்டுற வரைக்கும் பொறுத்துக்குவாங்க, அவ்வளவுதான்."

"எனக்கு முன்னாடி அழுதான்னா தாங்க மாட்டேங்க."

"ஞாயித்துக்கிழமை வரேன். விஷயம் என்னன்னு சொல்லாதீங்க. நான் வரேன்னு மட்டும் சொல்லி வைங்க."

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போதே இடம் கிடைத்துவிட்டது. சந்தை அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஐஸ் கம்பெனி டிரைவரிடம் கைபேசியில் பேசிக்கொண்டே செருப்பு மாட்டினார். "யாரு பையன்னு இப்பக் கேக்காத. ஞாயித்துக்கிழமை பையன்கிட்டப் பேசிட்டுச் சொல்றேன். நல்ல காலு, நம்பி எடு." இந்த வீட்டில் அவர் குரலைக் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

சனிக்கிழமை இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். இத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. யாரும் யாரோடும் சேர்ந்து வரவில்லை. தனித்தனியாக வந்து, நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பலர் இளவட்டம். முன்னொரு காலத்தில் அணியில் இடம் கிடைக்காமல் போனவர்கள் என்று அவர்களே சொன்னபோது தெரிந்தது. நர்ஸம்மாவும் வந்தார். அடுத்த வருடமே மச்சான் அவர் பையனைத் தேடிப் போய் வேறு அணியில் சேர்த்திருக்கிறார்.

"வந்ததும் குடிக்கத் தண்ணி கேட்டார். என்னை அடுப்படிக்குப் போகச் சொல்லிட்டு அவன்கிட்டப் பேசினார். என்னடா சொன்னார்னு அப்பவே கேட்டேன். இன்னைக்கு அவனுக்கே ஒரு பிள்ளை இருக்கு, இன்னும் சொல்ல மாட்டேங்கிறான்" என்றார்.

பெயிண்ட் கடைக்காரர் பையனோடு வந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் பையன் யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தான். கடைசி அடுக்கைச் சுவரோரம் வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, லிஃப்ட் மாமா இன்னைக்கு எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தாராம். என்கிட்ட ஏதோ பேசணும்னாராம். என்ன விஷயம்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் பின்னால் அவன் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா சொல்வாருப்பா" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியாதாம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது பெயிண்ட் கடைக்காரர் மெல்ல, "நானே சொல்லிடுறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கைபேசியில் கேட்டேன். பையனுக்கு அன்று பரீட்சை என்றார். புதன்கிழமை அவன் அம்மாவுக்குத் தலைவலி. இன்று வேலை முடிந்து நேராக அவர் கடைக்கே போனேன். யாருக்கோ சாயம் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கி முடிந்த பிறகும் குச்சியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நீங்களே வந்து சொல்லுங்களேன் சார். அவர் கூடவே இருந்தவர் நீங்க. எப்படிச் சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. என்னைக் கூட்டிட்டுப் போனதில்லை."

"தண்ணி கேப்பாருன்னு சொல்றாங்க."

"ஆமா. அதுக்கப்புறம்?"

அவர் குச்சியை டப்பா மேல் வைத்தார். கடைக்கு ஆள் வந்தது. நான் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தட்டு போட்டுச் சாப்பிட்டேன். ஐஸ் கம்பெனி டிரைவர் அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது சார். உங்க மச்சான் ஒரு பையனைச் சொன்னாரு. இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் முடியும்."

பிடித்து வைக்கச் சொன்னேன். நாளை சாயங்காலம் நீல அணியில் சட்டை கொடுக்கிறார்கள். சனிக்கிழமை முதல் ஆட்டம். பையனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.